பிக்கப் தொட்டியில் படுக்கை மேடை: டிராயர் வேண்டுமா, பெட்டிகள் போதுமா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் நண்பர்கள் முகாமுக்குக் கிளம்பும் பருவம் வந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பின்தொட்டியின் மேல் டாப்பர், அதாவது ஃபைபர் அல்லது அலுமினிய மூடி, போட்டாகிவிட்டது. உள்ளே படுக்க ஒரு மேடை வேண்டும். அந்த மேடைக்கு அடியில் இழுத்துத் திறக்கும் டிராயர்களைச் செய்வதா, பிளாஸ்டிக் பெட்டிகளைத் தள்ளி வைத்தால் போதுமா, கடையில் கிடைக்கும் டிராயர் தொகுதியை அப்படியே வாங்கிப் பொருத்திவிடலாமா என்று அவர்களால் முடிவுக்கு வர முடிவதில்லை. படங்களில் பார்க்கும்போது டிராயர்தான் கண்ணைக் கவர்கிறது என்பதால் பலர் அதிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். டிராயருக்கு நாம் கொடுக்கும் பெரிய விலை உயரம் என்பதும், அதை டாலரில் திரும்ப வாங்க முடியாது என்பதும் மேடையில் ஏறிப் படுத்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே எதை வைத்து முடிவு செய்வது என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வழியாக எடுத்துக்கொள்வோம். கூரைக் கூடாரத்தை இங்கே சேர்க்கவில்லை. அதன் கணக்கே வேறு.

## முதலில் அளக்க வேண்டியவை

பரவலாக ஓடும் இரண்டு வண்டிகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். டகோமாவின் அளவுகள் 2016 முதல் 2023 வரை வந்த மாடலுக்கு உரியவை. எஃப்-150 அளவுகள் 2015 முதல் வந்தவற்றுக்கு உரியவை. எல்லாமே அங்குலத்தில். சக்கர மேடு என்பது தொட்டிக்குள் சக்கரத்துக்கு மேல் புடைத்து நிற்கும் பகுதி.

| வண்டி | தொட்டி நீளம் | சக்கர மேடுகளுக்கு இடையே அகலம் | தொட்டி ஆழம் |
|---|---|---|---|
| டொயோட்டா டகோமா, 5 அடித் தொட்டி | 60.5 | 41.5 | 19.1 |
| டொயோட்டா டகோமா, 6 அடித் தொட்டி | 73.7 | 41.5 | 19.1 |
| ஃபோர்டு எஃப்-150, 5.5 அடித் தொட்டி | 67.1 | 50.6 | 21.4 |
| ஃபோர்டு எஃப்-150, 6.5 அடித் தொட்டி | 78.9 | 50.6 | 21.4 |

உயரம். வண்டியின் கூரை மட்டத்துக்கே முடியும் சாதாரண டாப்பரைப் போட்டால், டகோமாவில் தொட்டித் தரையிலிருந்து டாப்பரின் உள்கூரை வரை ஏறத்தாழ 39 அங்குலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாப்பருக்கு டாப்பர் இது மாறும் என்பதால் உங்கள் வண்டியில் நீங்களே டேப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். சராசரி உயரமுள்ள ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலை வரை 33 முதல் 36 அங்குலம் வரும். டிராயருக்காக மேடையை 12 அங்குலம் உயர்த்தி, அதன் மேல் 3 அங்குல மெத்தையைப் போட்டால் மிஞ்சுவது 24 அங்குலம். அதில் புரண்டு படுக்கலாம், முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கலாம், ஆனால் உட்கார முடியாது. சட்டை மாற்றுவதும் செருப்பு மாட்டுவதும் படுத்தபடியேதான். மழை விடாமல் பெய்யும் ஒரு நாளில் இரண்டு பேர் அப்படியே உள்ளே அடைந்து கிடப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு மரத்தை வாங்குங்கள்.

நீளம். ஐந்தடித் தொட்டியில் ஆறடி மனிதர் நேராகப் படுக்க முடியாது. சக்கர மேடுகளுக்கு மேல் மேடை அமைத்தால் அகலம் கூடுவதால், ஒருவர் மட்டும் மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்துச் சமாளிக்கலாம். இருவர் படுக்க வேண்டுமென்றால் ஆறடித் தொட்டியாவது வேண்டும். அதிலும் கடையில் விற்கும் 75 அங்குல நீள மெத்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் நுழைக்க வேண்டியிருக்கும்.

எடை. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்ட ஓர் ஒட்டி இருக்கும். நான்கு கதவு டகோமா ஒன்றில் அது 1,100 என்று இருப்பதாகக் கொள்வோம். பெரியவர்கள் இருவர் 320, டாப்பர் 170, வாங்கிப் பொருத்திய டிராயர் தொகுதி 220, படுக்கை 30, ஏழு கேலன் தண்ணீர் 58, பனிக்கட்டியும் உணவும் நிறைந்த குளிர்பெட்டி 70, அடுப்பும் பாத்திரமும் 40, துணிப்பைகள் 50, கருவிகள் 40. கூட்டினால் 998 ஆகிறது. மிஞ்சுவது நூறு பவுண்டுதான். வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அந்த நூறில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். வரம்பைத் தாண்டினால் வண்டி உடனே நின்றுவிடாது. பிரேக் பிடிக்க நேரமாகும், பின்பக்க ஸ்பிரிங் அமுங்கும், டயர் சூடேறும். மலைப்பாதையில் இறங்கும்போது இவை மூன்றும் ஒன்றாக வரும்.

கைக்கு எட்டுவது. பகலில், காய்ந்த நிலத்தில், டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்கதவை, இறக்கிவிட்டுப் பொருளை எடுப்பது எல்லா அமைப்பிலும் எளிது. இரவு இரண்டு மணிக்கு, மழையில், உள்ளே படுத்தபடி கம்பளிக் குல்லாய் வேண்டும் என்றால் எடுக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

கழற்றுவது. பிக்கப் வாங்கியதே சரக்கு ஏற்றத்தான் என்றால், சனிக்கிழமை மண்மூட்டை ஏற்றிவர மேடை தடையாக நிற்கக் கூடாது.

## ஒன்று: எளிய மேடை, அடியில் பெட்டிகள்

சக்கர மேடுகளைத் தாண்டும் உயரத்தில், ஏறத்தாழ ஒன்பதரை அங்குலத்தில், ஒரு பிளைவுட் தளம். அடியில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள். அமைப்பு இவ்வளவே. பல பிக்கப்களின் தொட்டிப் பக்கச் சுவர்களில் குறுக்குச் சட்டம் செருகுவதற்கென்றே பள்ளங்கள் வார்த்திருப்பார்கள். அவை உங்கள் வண்டியில் இருந்து, உயரமும் தோதாக இருந்தால் கால்களே தேவையில்லை. சட்டங்களைச் செருகி அவற்றின் மேல் பலகையைப் பரப்பிவிடலாம். சட்டங்களுக்கு இடையே 16 அங்குலம் விட்டால் அரை அங்குல பிளைவுட்டே ஆளைத் தாங்கும். முக்கால் அங்குலம் போட்டால் பாதுகாப்பு கூடும், எடையும் கூடும். அரை அங்குல பிளைவுட்டின் முழுத் தாள் ஒன்று சுமார் 40 பவுண்டு என்றால் முக்கால் அங்குலத் தாள் 60 பவுண்டைத் தாண்டும்.

செலவு 100 முதல் 200 டாலருக்குள் அடங்கும். ஒரு ரம்பம், ஒரு டிரில், ஒரு விடுமுறை நாள் போதும். தளத்தை ஒரே பலகையாக வைக்காமல் மூன்று துண்டுகளாக அறுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்போதுதான் தலைமாட்டுத் துண்டை மட்டும் தூக்கி, அடியிலிருக்கும் பெட்டியை உள்ளே இருந்தபடியே எடுக்க முடியும். டிராயர் செய்தவர்களால் செய்ய முடியாத காரியம் இது.

இதன் மறைமுகச் செலவு முதுகுதான். தொட்டியின் கேபின் ஓரத்தில் இருக்கும் பெட்டியை வெளியே எடுக்க முன்னால் இருப்பவற்றை எல்லாம் இழுத்துப்போட வேண்டும், அல்லது உள்ளே தவழ வேண்டும். பெட்டிக்குக் கயிற்றுப் பிடி கட்டி, அடிக்கடி எடுக்காதவற்றைக் கேபின் பக்கமும் சமையல் சாமான்களை டெயில்கேட் பக்கமும் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைந்துவிடும். பெட்டி வாங்கும் முன் மேடைக்கு அடியில் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். மேடையின் உயரத்திலிருந்து பலகையின் கனமும் குறுக்குச் சட்டத்தின் கனமும் கழிந்த பிறகு எட்டு அங்குலம்கூட மிஞ்சாமல் போகலாம். கால் வைத்த மேடையில் குறுக்குச் சட்டத்தைப் பலகையோரத்தில் மட்டும் ஓடவிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

வார இறுதிகளில் மட்டும் முகாமுக்குப் போகிறவர்களுக்கும், வண்டியை மற்ற நாட்களில் சரக்குக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கும், பிக்கப்பில் உறங்குவது தமக்கு ஒத்துவருமா என்றே இன்னும் தெரியாதவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

## இரண்டு: கையால் செய்யும் டிராயர்கள்

மரவேலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதைவிட நிறைவான வேலை இல்லை. ஆனால் தாளில் வரையும்போதே தொட்டிக்குள் எவ்வளவு இடம் மரத்துக்கும் இரும்புக்கும் போகிறது என்பதைக் கணக்கிட்டுவிட வேண்டும். டகோமாவின் 41.5 அங்குல இடைவெளியில் இரண்டு டிராயர்கள் வைப்பதாகக் கொள்வோம். நிற்கும் தடுப்புப் பலகைகள் மூன்று, தலா முக்கால் அங்குலம். கனரக டிராயர் சேனல், அதாவது டிராயர் ஓடும் இரும்புத் தடம், நான்கு, தலா முக்கால் அங்குலம். டிராயரின் பக்கப் பலகைகள் நான்கு, தலா அரை அங்குலம். மொத்தம் 7.25 அங்குலம் போய்விட்டது. மிஞ்சிய 34.25ஐ இரண்டாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு டிராயரின் உள்ளகலமும் 17 அங்குலம். உயரத்திலும் இதே கதைதான். மேடை 12 அங்குலம் என்றால் மேல்பலகை முக்கால், டிராயரின் அடிப்பலகை அரை, கீழ்த்தளம் அரை, உரசாமல் ஓட விடும் இடைவெளி அரை என்று கழித்தால் உள்ளே 9.75 அங்குலம்.

இந்த இடத்தில் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துச்செல்ல நினைக்கும் பிரஷர் குக்கரைத் தரையில் வைத்து, வெயிட்டையும் போட்டு, அளந்து பாருங்கள். பிறகு தண்ணீர்க் குடுவையை அளந்து பாருங்கள். ஏழு கேலன் குடுவைகள் நின்ற நிலையில் 15 அங்குலம் வரை இருக்கும். அவை எந்த டிராயரிலும் நிற்காது. படுக்கவைத்தால் மூடி கசியும். ஆக டிராயர் செய்த பிறகும் குளிர்பெட்டியும் தண்ணீரும் வெளியேதான் இருக்கும், இரவில் அவற்றை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டியிருக்கும்.

சேனல்தான் இதில் பெரிய செலவு. சமையலறை அலமாரிக்குப் போடும் 100 பவுண்டு சேனலை இங்கே போட்டுவிடக் கூடாது. நீளமான டிராயர் முழுக்க வெளியே வந்து நிற்கும்போது அதன் முனையில் ஏறும் பாரம் சேனலை முறுக்கிவிடும். 250 அல்லது 500 பவுண்டு தாங்கும், திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வகை வேண்டும். நாலடி ஐந்தடி நீளத்தில் அப்படிப்பட்ட ஒரு ஜோடியே 200 டாலரைத் தாண்டக்கூடும். பூட்டு இல்லாத சேனலைச் சரிவான இடத்தில் திறந்தால், பாரம் ஏறிய டிராயர் தானாக ஓடிவந்து காலில் மோதும். மண்சாலைப் புழுதி இன்னொரு எதிரி. டெயில்கேட்டைச் சுற்றியுள்ள இடுக்குகள் வழியே ஓடும் வண்டி தூசியை உள்ளே இழுக்கும். அது சேனலின் பேரிங் குண்டுகளில் படிந்தால் கரகரவென்று இழுக்கும். டெயில்கேட்டின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுவது இதற்குப் பாதி மருந்து.

சேனலே இல்லாமல் செய்யும் வழியும் உண்டு. டிராயரின் அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளைத் திருகி, கீழ்த்தளத்தின் மேல் நேரடியாகச் சறுக்கவிடுவது. பணமும் அகலமும் மிச்சமாகும், புழுதியாலும் பெரிய கேடில்லை. டிராயரை முழுதாக வெளியே இழுக்க முடியாது என்பதுதான் குறை. ஆனால் இறக்கிய டெயில்கேட் தொட்டித் தரைக்கு ஏறக்குறைய சமமாக நிற்பதால், கீழ்த்தளத்தின் கனத்துக்கு ஒரு கட்டையை அதன் மேல் வைத்துவிட்டால் வெளியே வரும் பகுதி அதில் அமர்ந்துகொள்ளும். கையால் செய்வதாக இருந்தால் நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான்.

எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வீட்டில் செய்தது இலகுவாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். முக்கால் அங்குலத் தாள் மூன்றைச் செலவழித்துவிட்டால் மரம் மட்டுமே 180 பவுண்டைத் தாண்டுகிறது. சேனலும் சேர்ந்தால் வாங்கும் தொகுதியைவிட அதிகமாகவே ஆகிவிடும். தடுப்புகளையும் டிராயரின் பக்கங்களையும் அரை அங்குலத்தில் செய்து, மேல்பலகையை மட்டும் முக்கால் அங்குலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கனமான பெட்டி தொட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. திடீர் பிரேக்கில் அது முன்னே பாய்ந்தால் அதற்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே இருப்பது கேபின் சுவர் மட்டும்தான். வண்டியோடு வந்திருக்கும் கொக்கி வளையங்களில் போல்ட் போட்டு இறுக்குங்கள். வெறும் தகட்டில் ஸ்க்ரூ ஏற்றுவது பிடிமானமாகாது. எஃப்-150 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 மாடல் முதல் அதன் உடல் அலுமினியத்தால் ஆனது. இரும்புப் பட்டையை நேரடியாக வைத்துத் திருகினால், ஈரம் படும்போது அந்தத் தொடுமிடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். இடையில் ரப்பர் அல்லது நைலான் வில்லை வைத்துத் திருக வேண்டும். இந்த மாடல் டகோமாவின் தொட்டி கலவைப் பொருளால் ஆனது, துருப்பிடிக்காது. அதன் பக்கவாட்டு ரெயில்களிலேயே கட்டுமானத்தைப் பிணைத்துக்கொள்ளலாம்.

கருவிகளும் சமையல் சாமான்களும் எப்போதும் வண்டியிலேயே இருக்க வேண்டியவர்கள், வழக்கமான அளவில் இல்லாத தொட்டி உடையவர்கள், மரவேலைக்கு இடமும் பொறுமையும் உள்ளவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இதில் இறங்கினால் மனம் சோர்ந்துவிடும். நல்ல சேனல், நல்ல பிளைவுட், வார்னிஷ், பூட்டு, போல்ட் என்று கூட்டினால் 600 முதல் 900 டாலர் வரை எளிதாகப் போகும். செலவிட்ட நேரம் தனி.

## மூன்று: விலைக்கு வாங்கும் டிராயர் தொகுதி

அமெரிக்காவில் இந்த வகையில் பலரும் அறிந்த பெயர் டெக்டு. கெட்டியான பிளாஸ்டிக் தளம், உள்ளே இரும்புச் சட்டம், தொட்டியின் நீளத்துக்கு இரண்டு டிராயர்கள். பெரிய பிக்கப்களுக்கான தொகுதியின் தளம், பாரம் பரவலாக இருந்தால் 2,000 பவுண்டு தாங்கும் என்றும் ஒவ்வொரு டிராயரும் 200 பவுண்டு தாங்கும் என்றும் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். வண்டி எவ்வளவு தாங்கும் என்பது வேறு எண் என்பதை மறந்துவிடக் கூடாது. கதவுச் சட்டத்தில் இருப்பதுதான் நம்மைக் கட்டுப்படுத்தும் எண். விலை ஆயிரம் டாலருக்கு மேல் போகும்.

மழைநீர் புகாமல் பொருளைக் காப்பதில் வீட்டில் செய்த மர டிராயர் இதற்கு ஈடாகாது. டாப்பர் இல்லாத வண்டியிலும் இது வேலை செய்யும். டிராயர்கள் சக்கரங்களின் மேல் ஓடுவதால் புழுதித் தொல்லையும் குறைவு. டெயில்கேட்டைப் பூட்டினால் டிராயர் திறக்காது என்பதால் கருவிகளை நகரத்தில் விட்டுச்செல்லவும் தைரியம் வரும். விற்கும்போதும் ஒரு விலை கிடைக்கும்.

படுக்கை என்று வரும்போதுதான் தயக்கம். பெரிய பிக்கப்பில் தளத்தின் உயரம் ஓரடி. அதைக் குறைக்க வழியில்லை. மேல்பரப்பு வரிவரியாகக் கெட்டியாக இருக்கும், மெல்லிய பாய் போதாது. தளத்தைத் துண்டாகத் தூக்கி உள்ளிருந்து பொருள் எடுக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் வெளியே இறங்கி, பின்கண்ணாடியைத் தூக்கி, டெயில்கேட்டை இறக்கி, டிராயரை இழுக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தால், தூக்கிய கண்ணாடியின் விளிம்பில் சேர்ந்த நீர் வரிசையாகச் சொட்டுவது சரியாகத் திறந்த டிராயருக்குள்தான். வண்டி நிறுத்தும் இடத்தில் பின்னால் ஐந்தடியாவது காலியாக இருக்க வேண்டும், மரத்தை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்திவிட்டால் டிராயர் பாதிதான் வரும். இந்தக் கடைசி மூன்றும் கையால் செய்த டிராயருக்கும் பொருந்தும். வண்டியை மாற்றினால் புதிய வண்டிக்கு இது பொருந்தாமலும் போகலாம்.

வேலைக்காக நாள்தோறும் டிராயரைத் திறந்து மூடுகிறவர், ஆண்டில் சில இரவுகள் மட்டும் மேலே படுக்கிறவர் என்றால் இதை வாங்குவதில் தவறே இல்லை. உறக்கம் முதன்மை என்றால் இந்தப் பணத்தை உயரமான டாப்பரில் போடுவது நல்லது.

## நான்கு: ஒருபுறம் படுக்கை, மறுபுறம் சாமான்

தனியாகப் பயணம் செய்கிறவர்கள் பலருக்கு இந்த வழி தோன்றுவதே இல்லை. 41.5 அங்குல இடைவெளியில் 24 அங்குலத்தைத் தரையோடு படுக்கைக்கு ஒதுக்கினால், பக்கத்தில் 17 அங்குலம் பெட்டிகளுக்கு மிஞ்சும். படுக்கையை உயர்த்தவே இல்லை என்பதால் 39இல் 3 அங்குல மெத்தை போக 36 அங்குலம் கிடைக்கிறது. நிமிர்ந்து உட்காரலாம், அடுத்திருக்கும் பெட்டியைக் கைநீட்டித் திறக்கலாம், குளிர்பெட்டியையும் தண்ணீர்க் குடுவையையும் நிறுத்தியே வைக்கலாம். செலவு என்று பார்த்தால் பெட்டிகள் சரியாமல் இருக்க ஒரு தடுப்புப் பலகையும், அடியிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்க மூடிய நுரைப் பாய் ஒன்றும் மட்டுமே. பிந்தையதை விட்டுவிடக் கூடாது. தொட்டியின் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் தரை விரைவில் சில்லிட்டுவிடும்.

ஐந்தடித் தொட்டியில் இது வேலைக்காகாது, ஏனென்றால் 24 அங்குல அகலத்தில் குறுக்காகப் படுக்க முடியாது. இருவர் என்றாலும் ஆகாது. ஆறடித் தொட்டியும் ஒற்றை ஆளும் என்றால் மற்ற மூன்றையும்விட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடக் கூடாதவை

டாப்பரின் பின்கண்ணாடியையும் டெயில்கேட்டையும் உள்ளிருந்து திறக்க வழி வேண்டும். பல வண்டிகளில் இரண்டின் கைப்பிடியும் வெளியேதான் இருக்கும். உள்ளே படுத்திருக்கும்போது யாரோ அறியாமல் மூடித் தாழிட்டால் வெளியேற வழியில்லை. உள்ளிருந்து இழுக்கும் கம்பி ஒன்றைப் பொருத்துவது அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் குழந்தையை உள்ளே படுக்கவைக்காதீர்கள்.

உள்ளே எரிவாயு அடுப்பையோ ஹீட்டரையோ எரியவிட்டு உறங்கக் கூடாது. அவை வெளிவிடும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று எப்போதும் உள்ளே இருக்கட்டும். இருவர் மூச்சில் வெளிவரும் ஈரம் ஓர் இரவிலேயே கூரையில் துளிகளாகப் படியும் என்பதால் பக்கக் கண்ணாடிகளை எதிரெதிராகச் சிறிது திறந்து வையுங்கள். பலகையின் மேல் மெத்தையை நேராகப் போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டுக்கொண்டால் காற்றோடும்.

கரடி நடமாட்டமுள்ள இடங்களில் டிராயர் உணவுக்குப் பாதுகாப்பாகாது. யோசமிட்டி தேசியப் பூங்காவில் இருட்டிய பிறகு காருக்குள் உணவு வைத்திருக்கவே கூடாது, முகாமில் உள்ள இரும்புப் பெட்டகத்தில்தான் வைக்க வேண்டும். டாப்பர் போட்ட பிக்கப்புக்கும் அதே நிலைதான். ஆகவே உணவு முழுவதையும் ஒரே தடவையில் தூக்கிப்போகும்படி தனிப்பெட்டியில் வைத்திருப்பது நல்லது. சமையல் சாமான் டிராயரில் பிரித்து அடுக்கினால் மாலைதோறும் அதைக் காலிசெய்ய வேண்டியிருக்கும்.

மரத்தை அறுக்கும் முன் அட்டைப்பெட்டிகளை நீங்கள் நினைக்கும் உயரத்துக்கு அடுக்கி, மேலே மெத்தையைப் போட்டு, டாப்பரையும் மூடிவிட்டு அதில் ஓர் இரவு உறங்கிப் பாருங்கள். இருவர் என்றால் இருவருமே படுத்துப் பார்க்க வேண்டும். கேபின் பக்கம் படுத்தவர் நடு இரவில் மற்றவரைத் தாண்டி வெளியே இறங்க முடிகிறதா என்பதையும் அன்றே சோதித்துவிடுங்கள். முடியவில்லை என்றால் அட்டையை இரண்டு அங்குலம் குறைத்து அடுக்கி மறுபடியும் பார்க்கலாம். அந்த இரண்டு அங்குலத்தை அறுத்த மரத்திலிருந்து பிறகு எடுப்பது என்றால் டிராயர்கள் எல்லாவற்றையும் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.